பெட்லம் உலையைத் தேடி: ஓர் இரும்பு ஊரின் பழைய ஓவியங்கள்

கோயம்புத்தூர் கணபதியில் பதினோரு வருடம் ஃபவுண்டரியில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவன் நான். இப்போது இருப்பது ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், டெல்ஃபோர்டில். வந்த இரண்டாவது வருடம் லண்டனுக்குப் போன ஒரு நாள், அறிவியல் அருங்காட்சியகத்தில் ஓர் எண்ணெய் ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டேன். இரவு. நடுவில் வானம் வரைக்கும் எழும்புகிற நெருப்பு. அதன் முன்னால் கறுத்துத் தெரியும் கட்டடங்கள், குதிரைகள் இழுக்கும் வண்டி, ஓரத்தில் வார்த்துப் போட்ட பெரிய உருப்படிகள். ஃபிலிப் ஜேம்ஸ் டி லூதர்பர்க் 1801-ல் வரைந்த 'கோல்புரூக்டேல் இரவில்'. பக்கத்தில் நின்றவர்கள் அந்தச் சிவப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஓடியது வேறு. இது எந்த வேலையின் நெருப்பு? உலையைத் திறந்து மெட்டல் எடுக்கிறார்களா? வெட்டவெளியில் நிலக்கரியைச் சுட்டு, உலைக்குப் போடும் கோக்கு என்ற எரிபொருளாக்குகிறார்களா? உலை வாயிலிருந்து எழும் சுவாலையா?

கோல்புரூக்டேல் என் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம்தான். 1709-ல் முதலாம் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாகக் கோக்கு போட்டு இரும்பு உருக்கிய இடம். அந்த உலை இன்றும் அங்கே பத்திரமாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமையே ஓவியத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு போனேன். லூதர்பர்க் எங்கே நின்று பார்த்திருப்பார் என்று கண்டுபிடித்து, அதே இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் ஆசை.

அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு சனிக்கிழமை நடந்தேன். எதுவும் பொருந்தவில்லை. சரிவு வேறு மாதிரி, கட்டடங்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் குறுகலான ஓடை. கடைசியில் அங்கே சேவை செய்யும் ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, இது கோல்புரூக்டேலே இல்லை, ஆற்றோரமாக இரும்புப் பாலத்தையும் தாண்டிப் போனால் வரும் பெட்லம் உலைகள் என்றார். மேட்லி வுட் கம்பெனி 1757-ல் கட்டிய உலைகள் அவை.

பழைய தொழில் ஊர்களின் ஓவியங்களைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தலைப்பை நம்பிப் புறப்படாதீர்கள். அந்தக் காலத்தில் 'கோல்புரூக்டேல்' என்பது டார்பிகளின் கம்பெனியால் ஊரெல்லாம் தெரிந்திருந்த பெயர். செவர்ன் ஆற்றின் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையுமே வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். லண்டனில் கண்காட்சிக்கு வருகிறவருக்கு 'பெட்லம் உலை, மேட்லி' என்றால் ஒன்றும் புரியாது. அதனால் தெரிந்த பெயரைப் போட்டார்கள்.

பெட்லத்தைத் தெரிந்துகொண்ட பிறகு தேடல் வேறு மாதிரி திரும்பியது. 1802-ல் ஜான் செல் காட்மன் என்ற இருபது வயது இளைஞர் வேல்ஸ் பக்கம் ஓவியப் பயணம் போனார். கூடப் போனவர் பால் சாண்ட்பி மன். இரண்டு பேருமே இந்த உலைகளை நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். காட்மன் படத்தின் தலைப்பில் ஊர் 'அயர்ன்கேட்' என்று இருக்கிறது. அப்படி ஓர் ஊர் இங்கே கிடையாது, இரும்புப் பாலத்தை ஒட்டிய அயர்ன்பிரிட்ஜ் ஊரைத்தான் மாற்றி எழுதியிருக்க வேண்டும். மன்னின் படத்தில் 'மேட்லி டேல்'. ஆக ஒரே உலை, மூன்று வருடத்துக்குள் மூன்று படங்கள், மூன்று வேறு ஊர்ப்பெயர்கள். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் மற்ற இரண்டும் கடைசி வரை கண்ணில் படாது.

மன்னின் படத்தில் இருப்பது 1803. அந்தப் பயணம் போனது 1802. ஊரில் எடுத்த குறிப்பை வைத்து லண்டனில் உட்கார்ந்து முடித்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தில் எழுதியிருக்கும் வருடம் வேலை முடிந்த வருடம். ஓவியர் அந்த இடத்தைப் பார்த்த வருடம் அதற்கு முந்தியதாக இருக்கலாம். ஒரு புகைபோக்கி 1803-ல் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட படத்தைச் சாட்சிக்கு அழைக்கும்போது ஒன்றிரண்டு வருடம் தள்ளுபடி கொடுக்க வேண்டும்.

எங்கே தேடுவது என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது. பிரிட்டனில் பொதுச் சொத்தாக இருக்கும் எண்ணெய் ஓவியங்கள், 2 லட்சத்துக்கும் மேல், ஆர்ட் யூகே என்ற ஒரே தளத்தில் கிடைக்கின்றன. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். கொஞ்சம்தான் கிடைத்தது. இந்த ஊரை வரைந்தவர்களே இவ்வளவு பேர்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அது தவறு. அந்தத் தொகுப்பு எண்ணெய் ஓவியத்தை வைத்துத் தொடங்கியது. பயணத்தில் வந்த ஓவியர்கள் கையில் வைத்திருந்ததோ பென்சிலும் நீர்வண்ணமும். ஓர் உலையை நேரில் பார்த்து வரைந்ததில் பெரும்பகுதி காகிதத்தில்தான் இருக்கிறது. காகிதத்தில் இருப்பவை அருங்காட்சியகங்களின் ஓவியக் காகிதப் பிரிவுகளில், பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. ஒவ்வோர் அருங்காட்சியகத்தின் பட்டியலையும் தனித்தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மியூசியம், டேட், அறிவியல் அருங்காட்சியகம், அப்புறம் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம். ஆங்கில ஓவியர் டர்னர் 1797 வாக்கில் வரைந்த கோல்புரூக்டேல் சுண்ணாம்புச் சூளை இருப்பது யேலில்தான். பெரிய அளவுப் படத்தையே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என் ஊர்ச் சூளையை நான் முதலில் உருப்படியாகப் பார்த்தது அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த படத்தில்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். கோல்புரூக்டேலை ஒரே சொல்லாகவும், 'டேல்' தனியாகப் பிரித்தும், முதல் பகுதியை நிலக்கரிக்கான ஆங்கில எழுத்துகளோடும் அது இல்லாமல் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, பக்கத்து ஊர்களான புரோஸ்லி, மேட்லி, ஆற்றின் பெயரான செவர்ன், பிறகு 'உலை', 'சுரங்க வாய்', 'சூளை' என்று பொருளின் பெயர், எல்லாவற்றையும் போட வேண்டும். எனக்கு அதிகம் கிடைத்தது ஊர்ப்பெயரில் அல்ல, பொருளின் பெயரில்.

ஓவியம் எந்த ஓவியருடையதோ அவர் பெயரில்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. லூதர்பர்க் எடுத்த சிறிய குறிப்புப் படங்கள் சில, கோல்புரூக்டேல் பக்கத்துப் படங்கள் உட்பட, டர்னர் தொகுப்புக்குள் இருக்கின்றன. 1851-ல் டர்னர் இறந்தபின் அவரிடம் இருந்த காகிதங்கள் பெருங்குவியலாக நாட்டுக்கு வந்தன. அதோடு சேர்ந்து இவையும் வந்தன. ஓர் ஓவியரைத் தேடும்போது, அவருடைய காகிதங்களை வாங்கி வைத்திருக்கக்கூடியவர் யார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்தத் தேடலில் என்னை மிகவும் உலுக்கியது எலியாஸ் மார்ட்டினின் படம். அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

செவர்ன் மேல் நிற்கும் இரும்புப் பாலம் 1779-ல் தூக்கி நிறுத்தப்பட்டது. 1781 ஜனவரி 1-ல் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். உலகத்தின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம். 30 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான வளைவு, 378 டன் இரும்பு, ஏறத்தாழ 1,700 உருப்படிகள். வளைவான பெரிய விலா ஒன்றின் எடை மட்டும் 5 டன்னுக்கு மேல். வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணைச் சொன்னாலே போதும். இன்றைக்குக் கிரேன் இருந்தும் ஐந்து டன் உருப்படியை மோல்டிலிருந்து எடுக்கும்போது ஃபவுண்டரியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அதை ஆற்றுக்கு நடுவில், படகுகள் போய்க்கொண்டிருக்கும் தண்ணீருக்கு மேல், எப்படித் தூக்கினார்கள்? கட்டும்போது நேரில் பார்த்து வரைந்த படம் ஒன்றுகூட இருநூறு வருடத்துக்கு மேல் யார் கையிலும் இல்லை. ஆய்வாளர்கள் ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

1997-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு சின்ன நீர்வண்ணப் படம் வெளிச்சத்துக்கு வந்தது. இருந்த இடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகம். வரைந்தவர் எலியாஸ் மார்ட்டின், 1768-லிருந்து 1780 வரை இங்கிலாந்தில் இருந்த ஸ்வீடன் நாட்டு ஓவியர். பாலத்தின் விலாக்கள் பாதி ஏறி நிற்கின்றன. ஆற்றுக்குள் மரத்தால் ஆன உயரமான தூக்குச் சட்டம். உருப்படிகள் படகில் வந்து சேர, அந்தச் சட்டத்தை வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். 2001-ல் இந்தப் படத்தை ஆதாரமாக வைத்துப் பாதி அளவில் ஒரு பாலத்தைக் கட்டிப் பார்த்து, இந்த முறை வேலை செய்யும் என்று காட்டினார்கள்.

இதே பாலத்துக்கு ஏற்கெனவே அழகான படங்கள் இருந்தன. மூன்றாம் ஆபிரகாம் டார்பி காசு கொடுத்தே வரைய வைத்தார். வில்லியம் வில்லியம்ஸ் 1780-ல் வரைந்த படத்துக்கு 10 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) கொடுத்ததாக அவர் கணக்கில் இருக்கிறது. லண்டன் ஹேமார்க்கெட் நாடக அரங்கில் காட்சித் திரை வரைந்துகொண்டிருந்த மைக்கேல் ஏஞ்சலோ ரூக்கரையும் அழைத்தார். அவருடைய படம் 1782-ல் செதுக்கி அச்சாகி விற்பனைக்கு வந்தது. எல்லாவற்றிலும் பாலம் முழுசாக, கம்பீரமாக நிற்கிறது. அது விற்க வேண்டிய பாலம், அப்படித்தான் நிற்கும். அந்தப் படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, வில்லியம்ஸின் படம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பாலத்தை எப்படிக் கட்டினார்கள் என்ற கேள்விக்கு அவை வாய் திறக்கவில்லை. யாரும் காசு கொடுத்ததாகத் தெரியாத, ஒருவர் நேரில் பார்த்து வரைந்த சின்னக் காகிதம்தான் பதில் சொன்னது.

அதனால் நான் இப்போது ஒரு படத்தைப் பார்த்தவுடன் இரண்டு கேள்வி கேட்கிறேன். ஓவியர் எங்கே நின்றார்? காசு கொடுத்தவர் யார்? தொழில் ஊரின் ஓவியத்தில் இந்த இரண்டும் தெரிந்தால்தான் மற்றதைப் படிக்க முடியும். தேடும் நேரத்தில் பாதியை முடிந்த ஓவியங்களுக்குக் கொடுத்தால், மீதிப் பாதியையாவது குறிப்புப் புத்தகங்களுக்குக் கொடுங்கள். ஊரை வரைந்தவர்களில் வெளிநாட்டுக்காரர் யார் யார் என்று பார்த்து, அவர்கள் சொந்த நாட்டின் அருங்காட்சியகப் பட்டியலையும் தேடுங்கள். ஷ்ராப்ஷயர் பாலத்தின் சாட்சி ஸ்வீடனில் கிடைத்தது.

அச்சுப் படங்களுக்கு வேறு ஜாக்கிரதை வேண்டும். இங்கே நான் பணத்தை இழந்தேன். ஜார்ஜ் ராபர்ட்சன் இந்தப் பள்ளத்தாக்கை ஆறு காட்சிகளாக வரைந்தார். லண்டனில் பாய்டல் 1788-ல் அவற்றைச் செப்புத் தகட்டு அச்சாக வெளியிட்டார். புரோஸ்லியில் இரும்பு உருக்கும் வீடு ஒன்றின் உட்புறம், பீரங்கி வார்க்கும் பட்டறை, சுரங்க வாய், பாலம் என்று அருமையான தொகுதி. அதில் ஒன்று 'அசல், 1788' என்று இணைய ஏலத்தில் வந்தது. 45 பவுண்டுக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்தபின், மோல்டில் விரிசல் பார்க்க வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தால் கோடுகள் இல்லை, புள்ளிகள். செய்தித்தாள் படத்தில் வருமே, அந்த மாதிரி ஒழுங்கான புள்ளிகள். இருபதாம் நூற்றாண்டு மறுபதிப்பு. விற்றவர் பதிலே போடவில்லை.

அதற்குப் பிறகு வாங்குவதற்கு முன்பே லென்ஸ் வழியாக எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். செப்புத் தகட்டு அச்சில் கோடு கொஞ்சம் எழும்பி நிற்கும், சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தை அழுத்திய பள்ளம் இருக்கும், ஓரத்தை வெட்டியிருந்தால் ஒழிய. காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீரெழுத்தையும் (வாட்டர்மார்க்) பார்க்க வேண்டும். 1794-லிருந்து ஆங்கிலேயக் காகித ஆலைகள் பல நீரெழுத்தில் வருடத்தையும் போட்டன. வாட்மன் என்ற காகித ஆலைப் பெயரும் ஒரு வருடமும் இருந்தால், அந்தப் படம் அந்த வருடத்துக்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. ஓவியமாக இருந்தால் பின்பக்கத்தைக் கட்டாயம் புகைப்படம் எடுங்கள். ஏல நிறுவனங்கள் மரச் சட்டத்தின் பின்னால் அடித்த எண்கள், பழைய கடைச் சீட்டுகள், முந்தைய சொந்தக்காரர் பென்சிலில் எழுதியது, எல்லாம் அங்கேதான் இருக்கும். பழைய சட்டத்தைக் கழற்றித் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

அச்சுப் படத்தில் இடமும் வலமும் மாறியிருக்கலாம் என்பதும் எனக்கு முதலில் தெரியாது. தகட்டில் செதுக்குவது அச்சில் கண்ணாடி பிம்பமாக விழும். செதுக்குபவர் முன்கூட்டியே திருப்பி வரைந்திருந்தால்தான் சரியாக வரும். எங்கள் ஊரில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. செவர்ன் இங்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, அயர்ன்பிரிட்ஜ் ஊர் வடகரையில். ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றால் ஊர் இடது கைப்பக்கம் வர வேண்டும். உங்கள் ஊரிலும் இப்படி மாறாத ஒன்று இருக்கும். ஆறு, கோயில் கோபுரம், மலை முகடு, ஏதாவது. அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

படத்துக்குள் இருக்கும் பொருளே வருடத்தையும் சொல்லும். இரும்புப் பாலத்துக்குத் தென்கரையில் முதலில் கல்லால் ஆன தாங்கு சுவர் இருந்தது. பள்ளத்தாக்கின் மண் சரிந்துகொண்டே இருக்கும், அந்தச் சுவர் தாங்கவில்லை. 1800-களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டு மர வளைவுகள் வைத்தார்கள். 1820-களில் அவையும் போய் இரும்பு வளைவுகள் வந்தன. இன்றைக்குப் பாலத்தின் தென்பக்கம் இரண்டு சின்ன வளைவுகள் தெரிவது அதனால்தான். ஆக, கையெழுத்தும் தேதியும் இல்லாத ஒரு பாலப் படம் கையில் கிடைத்தால் நேராகத் தென்கரையைப் பாருங்கள். கல் சுவரா, மரமா, இரும்பா? எந்தக் காலத்துப் படம் என்று உடனே தெரிந்துவிடும். நிறத்தை மட்டும் ஆதாரமாக எடுக்க வேண்டாம். பல அச்சுப் படங்களுக்கு லண்டனில், பாலத்தையே பார்க்காதவர்கள் கையால் வண்ணம் பூசினார்கள். 2018-ல் பாலத்தைப் பழுதுபார்த்தபோது, அடியில் இருந்த பழைய பெயிண்ட் அடுக்கைச் சோதித்து, முதல் நிறம் கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்தது என்று கண்டு அதையே அடித்தார்கள். நான் வந்த புதிதில் சாம்பல் நிறத்தில் இருந்த பாலம் அது.

காகிதத்தில் உள்ளதை நேரில் பார்க்க யாருக்கும் அனுமதி கிடைக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரிய படிப்பு படித்தவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். டேட் பிரிட்டனிலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இதற்கென்றே படிப்பறைகள் உண்டு. முன்கூட்டி எழுதி நேரம் வாங்க வேண்டும், கட்டணம் இல்லை. எழுதும்போது படத்தின் பட்டியல் எண்ணைக் குறிப்பிட்டு, ஒரே ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். நான் முதலில் என் கதை முழுவதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன், பதில் வரவில்லை. ஐந்து வரியில் எண்ணோடு எழுதியதும் நான்காம் நாள் பதில் வந்தது.

மன்னின் பெட்லம் படத்தை டேட்டில் அப்படித்தான் பார்த்தேன். கை கழுவச் சொன்னார்கள், பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சில் மட்டும். ஒரு தாங்கியில் படத்தை நிறுத்தினார்கள். திரையில் ஆறு மாதமாகப் பார்த்த படம்தான். ஆனால் திரையில் வெறும் சாம்பல் மேகமாகத் தெரிந்த இடத்தில், நேரில் பார்த்தால், தூரிகையை ஈரக் காகிதத்தில் வைத்து அப்படியே விட்ட தடம். கணபதியில் மழை நாளில் இரும்பு உருக்கும் கியூப்போலா உலையின் புகை இப்படித்தான் மேலே போகாமல் படுத்துக்கொள்ளும். அந்த மனிதர் புகையை நன்றாகப் பார்த்திருக்கிறார். முக்கால் மணி நேரம் இருந்தேன். நேரில் பார்க்க முடிந்தால் கண்டிப்பாகப் போங்கள். திரை எல்லா உலைக்கும் ஒரே புகையைத்தான் காட்டும்.

பிறகு நடை. இந்தப் பள்ளத்தாக்கு இப்போது மரங்களால் மூடிக் கிடக்கிறது. கோடையில் போனால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஜனவரியில் போங்கள், இலை உதிர்ந்து மலையின் கோடு தெரியும். ஓவியர்கள் மலையை உயர்த்துவார்கள், செங்குத்தாக்குவார்கள், அதனால் உயரத்தை ஒப்பிடாமல் முகட்டின் வளைவை ஒப்பிடுங்கள். போவதற்கு முன்னால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தைத் திறந்து பார்ப்பேன். இங்கிலாந்து வரைபடங்களும் அங்கே உண்டு. 1880-களின் பெரிய அளவு வரைபடத்தை இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். காணாமல் போன சந்து, மூடிய சூளை, பழைய படகுத்துறை எல்லாம் அதில் இருக்கும். தரையே நகர்ந்த இடங்களும் உண்டு. ஆற்றின் கீழ்ப்பக்கம் ஜாக்ஃபீல்டில் 1952 வாக்கில் ஏற்பட்ட மண்சரிவில் வீடுகளே போய்விட்டன. அப்படிப்பட்ட இடத்தில் ஓவியர் நின்ற இடத்தைத் தேடி அலைவதில் பயனில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் நான் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுகிறேன். எங்கே இருக்கிறது, பட்டியல் எண் என்ன, தலைப்பு சொல்லும் ஊர் எது, உண்மையில் எந்த ஊர், அதை எதை வைத்துச் சொல்கிறேன், எந்தத் தேதியில் பார்த்தேன். முதல் வருடம் இதைச் செய்யாமல் படங்களை மட்டும் ஃபோனில் சேர்த்தேன். பின்னால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை மறுபடி தேட வேண்டியதாயிற்று. உள்ளூர் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆவணப்பட இயக்குநர் சர் ஆர்தர் எல்டன் தொழில்துறை ஓவியங்களையும் அச்சுகளையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1973-ல் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பு அயர்ன்பிரிட்ஜ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. லண்டன், யேல் என்று ஓடிவிட்டு, கடைசியாகத்தான் நான் பக்கத்துத் தெருவுக்கு வந்தேன். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

என் மனதை விட்டுப் போகாத ஒரு குறை உண்டு. இத்தனை படங்களிலும் வேலை செய்தவர்களின் முகம் கிடையாது. நெருப்பு பெரிது, மலை பெரிது, மனிதர்கள் விரல் நகம் அளவு. இரும்பு உருக்கும் வீட்டின் உட்புறத்தை ராபர்ட்சன் வரைந்த படத்தில் மட்டும் கொஞ்சம் நெருங்கிப் போகலாம். அதில் இருப்பவர்கள் நிற்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சூடான மெட்டலுக்கு முன்னால் உடம்பு தானாகவே ஒரு பக்கம் திரும்பும், முகத்தைக் காட்டாது. அதை வரைவதற்கு ஓவியர் உள்ளே வந்து அந்தச் சூட்டில் நின்றிருக்க வேண்டும்.

போன ஜனவரியில் அப்பா வந்திருந்தார். நாற்பது வருடம் மோல்டராக இருந்தவர். வாட்டர்லூ தெருவில் பெட்லம் உலைகளின் மிச்சத்துக்கு எதிரே அவரை நிறுத்தி, மன்னின் படத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். லூதர்பர்க் படத்தைத் தரலாமா என்று யோசித்துவிட்டு இதைத்தான் தந்தேன். அவர் இடிந்த செங்கலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பின்னால் திரும்பி ஆற்றைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"காத்து எங்கிருந்து குடுத்தாங்க கண்ணு?" என்றார்.

"தண்ணிச் சக்கரம் வெச்சுத் துருத்தி ஓட்டியிருக்காங்கப்பா. ஆத்துத் தண்ணிய நீராவி இயந்திரம் மேல ஏத்திக் குடுக்கும், அது சக்கரத்து மேல விழும்."

"அப்ப இயந்திரத்துக்கு ஒரு வீடு இருந்திருக்கணுமே," என்று சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தில் அந்த வீட்டைத் தேட ஆரம்பித்தார்.